முதலில் மொழி, பிறகு தலைப்பு



பண்டைய கிரேக்க, உரோமானிய வரலாற்றைப் பற்றித் தமிழிலேயே இரண்டு நாள் பேசக் கூடியிருக்கிறோம். இந்தக் கருத்தரங்குக்குத் தலைமை தாங்கும் வாய்ப்பைத் தந்த அமைப்புக் குழுவினருக்கு என் நெஞ்சார்ந்த நன்றி. எனக்கு ஒதுக்கியிருக்கும் நேரத்தை இளம் ஆய்வாளர்களோடு பேசவே பயன்படுத்திக்கொள்கிறேன். மூத்தவர்கள் பொறுத்தருள வேண்டும்.

உங்கள் கட்டுரைச் சுருக்கங்கள் எல்லாவற்றையும் படித்தேன். ஒவ்வொன்றின் அடியிலும் 'ஆய்வுக்களம்' என்று ஒரு வரி இருந்தது. ஏதென்சின் மக்களாட்சி, உரோமானியப் பொருளாதாரம், யவனர் வணிகம் என்று நல்ல நல்ல தலைப்புகள். அடிக்குறிப்புகளுக்கு வந்தபோதுதான் மனம் கனத்தது. துசிடிடீசைப் பற்றிய கட்டுரையில் துசிடிடீஸ் இல்லை. அவரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதியவர்கள்தான் வரிசையாக நிற்கிறார்கள். உங்களைக் கடிந்துகொள்ள இதைச் சொல்லவில்லை. நானும் அப்படித்தான் தொடங்கினேன். அதன் விளைவு என்ன என்பதை அனுபவித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

என் ஆய்வேட்டில் பிளினியின் 'இயற்கை வரலாறு' நூலிலிருந்து ஒரு தொகையை எடுத்தாண்டேன். ஆண்டுதோறும் இந்தியா உரோமப் பேரரசின் செல்வத்தை உறிஞ்சுகிறது என்று ஆறாம் நூலில் அவர் வருந்தும் இடம் அது. எனக்குக் கிடைத்தது 19ஆம் நூற்றாண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பு. அதில் 55 கோடி செஸ்டர்ஸ் என்றிருந்தது, அப்படியே எழுதிவிட்டேன். சில பக்கங்கள் தள்ளி, பன்னிரண்டாம் நூலில் அவர் சொல்வதையும் எழுதினேன். இந்தியா, சீனா, அரேபியா மூன்றும் சேர்ந்து குறைந்தது 10 கோடி செஸ்டர்ஸ் கொண்டுபோகின்றன என்பது அங்கே உள்ள கணக்கு. மூன்றும் சேர்ந்து 10 கோடி, இந்தியா மட்டும் 55 கோடி! பிளினி தனக்குத்தானே முரண்படுகிறார் என்று ஒரு வரி எழுதிவிட்டுக் கடந்துபோனேன்.

இலத்தீன் கற்று மூலத்தைப் பிரித்துப் பார்த்த நாளில்தான் முரண்பட்டவர் பிளினி அல்ல என்று தெரிந்தது. ஆறாம் நூலில் அந்தத் தொகை எண்குறியாக இருக்கிறது. D என்றால் 500. அதன் இருபுறமும் மேலேயும் கோடு இழுத்தால் லட்சத்தால் பெருக்க வேண்டும், 5 கோடி. இன்றைய பதிப்புகள் ஏற்பது இதைத்தான். அந்தக் குறியை எப்படிப் படிப்பது என்பதில் பழைய பதிப்பாசிரியர்களும் மொழிபெயர்ப்பாளர்களும் வேறுபட்டிருக்கிறார்கள். ஏடுகளை ஒப்பிட்டுப் பாடபேதம் குறித்த உ.வே.சாமிநாதையரின் உழைப்பை அறிந்த நமக்கு இது புதிய செய்தியா? சங்க இலக்கியத்துக்கு நாம் கேட்கும் கேள்வியை இலத்தீன் நூலுக்குக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. ஆங்கிலத்தில் அச்சாகி வந்ததாலேயே அதை முடிந்த முடிவாக எடுத்துக்கொண்டேன்.

மொழி கற்பதோடு ஓர் ஆய்வாளருக்கு வேண்டிய மனப்பான்மை எது என்று கேட்டால், நான் ஆலிஸ் கோபரைக் காட்டுவேன். 1906இல் நியூயார்க்கில் பிறந்தவர். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கிரேக்க, இலத்தீன் இலக்கியத்தில் முனைவர் பட்டம் பெற்று, புரூக்ளின் கல்லூரியில் ஆசிரியராக இருந்தார். கிரீட் தீவின் நோசஸ் அரண்மனையில் ஆர்தர் எவன்ஸ் 1900இல் கண்டெடுத்த களிமண் பலகைகளை அப்போது யாராலும் படிக்க முடியவில்லை. 'லீனியர் பி' என்று பெயரிடப்பட்ட அந்த எழுத்து எந்த மொழியைச் சேர்ந்தது என்பதே தெரியாது. ஆளாளுக்கு ஒரு மொழியைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கோபர் எந்த மொழியையும் சொல்ல மறுத்தார். பகலில் வகுப்பு, இரவில் இந்த வேலை. போர்க்காலத்தில் தாள் கிடைக்கவில்லை. வாழ்த்து அட்டைகளின் பின்புறம், தேவாலயச் சுற்றறிக்கைகள் என்று கைக்குக் கிடைத்த தாளையெல்லாம் சிறு சிறு சீட்டுகளாக வெட்டினார். ஒவ்வொரு குறியும் எங்கெங்கே வருகிறது, எதற்குப் பக்கத்தில் வருகிறது என்று அவற்றில் குறித்து, சிகரெட் அட்டைப்பெட்டிகளில் அடுக்கி வைத்தார். அப்படிச் சேர்ந்த சீட்டுகள் ஏறத்தாழ 1,80,000.

அவர் கண்டறிந்ததைத் தமிழருக்கு விளக்குவது எளிது. கால், காலை, காலில், காலால் என்ற சொற்களைப் பாருங்கள். வேற்றுமை உருபு ஏறும்போது லகரம் லை, லி, லா என்று மாறுகிறது. நம் எழுத்தில் லகரத்தின் உருவம் எல்லாவற்றிலும் தெரியும். ஒவ்வோர் உயிர்மெய்க்கும் ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத வடிவம் இருந்தால் என்ன ஆகும்? லீனியர் பி அத்தகைய எழுத்து. சொல்லின் முற்பகுதி மாறாமல் நிற்க, கடைசிக் குறிகள் மட்டும் ஓர் ஒழுங்கில் மாறுவதைக் கோபர் கவனித்தார். அப்படி மாறும் குறிகளில் மெய் ஒன்று, உயிர் மட்டும் வேறு என்று முடிவு செய்தார். ஒரு குறியின் ஒலிகூடத் தெரியாமலே அதன் இலக்கணத்தை எட்டிப் பிடித்த முடிவு அது. 1950இல், 43 வயதில் அவர் இறந்துபோனார். அவர் அமைத்த வழியில் மேலும் நடந்த மைக்கேல் வென்ட்ரிஸ், தொழிலால் கட்டடக் கலைஞர், 1952இல் அந்த மொழி கிரேக்கம்தான் என்று அறிவித்தார். எத்ருஸ்கன் மொழியோடு தொடர்புடையது என்று நெடுநாள் நம்பியிருந்தவர் அவர். தன் நம்பிக்கைக்கு எதிராகச் சான்று வந்தபோது சான்றின் பக்கம் நின்றார். அந்தப் பெருமையை நான் குறைக்க மாட்டேன். ஆனால் என் மாணவர்களுக்கு முதலில் கோபரைத்தான் சொல்லித் தருகிறேன்.

ஓசை ஒப்புமையை மட்டும் நம்பிச் சொற்பட்டியல் தயாரிக்கும் ஆய்வாளர்கள் இவரை நினைத்துக்கொள்ள வேண்டும். எகிப்தின் ஆக்சிரிங்கஸ் குப்பைமேட்டில் கிடைத்த பப்பைரஸ்களில் ஒரு கேலி நாடகம் இருக்கிறது. கிரேக்கப் பெண் ஒருத்தி இந்தியக் கடற்கரையில் சிக்கித் தப்புகிற கதை. அதில் வரும் புரியாத உரையாடலைக் கன்னடம் என்றார்கள், துளு என்றார்கள். நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் எல்லோரும் ஏற்கும் முடிவு வரவில்லை. தெரியாததைத் தெரியாது என்று எழுதுவதும் ஆய்வேட்டின் ஒரு பக்கம்தான்.

மூலத்தைப் படிப்பவருக்கு என்ன கிடைக்கும் என்பதற்கு ஒரே ஓர் ஆவணத்தைச் சொல்கிறேன். வியன்னாவில் ஆஸ்திரிய தேசிய நூலகத்தில், கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த கிழிந்த பப்பைரஸ் ஒன்று இருக்கிறது. 1985இல் பதிப்பிக்கப்பட்டது. ஒருபுறம் முசிறிக் கடற்பயணத்துக்கான கடனைக் குறிப்பிடும் ஒப்பந்தம். செங்கடல் துறையில் சரக்கை இறக்கி, ஒட்டகத்தில் ஏற்றி, பாலைவனம் கடந்து நைல் நதிக்கரையின் கொப்டோசுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து ஆற்றுவழியே அலெக்சாந்திரியாவுக்கு அனுப்பி, அரசுக் கிடங்கில் முத்திரையிட்டு வைக்க வேண்டும். நான்கில் ஒரு பங்கு சுங்கம். மறுபுறம் 'ஹெர்மபோலோன்' என்ற கப்பலில் வந்த சரக்கின் மதிப்புக் கணக்கு. கங்கைப் பகுதியின் நளத வாசனைப் பொருள், யானைத் தந்தம் என்று போகிறது. கடைசித் தொகை 1,154 தாலந்து, 2,852 திரக்மா.

தெளிவாகப் படிக்கக் கிடைக்கும் சரக்குகளின் பெயர்களில் மிளகு இல்லை. முசிறியிலிருந்து வந்த கப்பலில் மிளகு இல்லாமல் இருக்குமா? பெடெரிகோ டி ரோமானிஸ் என்ற இத்தாலிய அறிஞர், சிதைந்த வரிகளில் எஞ்சியிருக்கும் எடைகளையும் விலைகளையும் வைத்து, கணக்குப் போட்டே மிளகைத் தேடிப்போனார். 2020இல் அவர் வெளியிட்ட நூலைப் படியுங்கள். அவருடைய முடிவுகளோடு நீங்கள் மாறுபடலாம். மாறுபடவும் கிரேக்கம் தெரிந்திருக்க வேண்டும்.

இதே முசிறியை அகநானூற்றின் 149ஆம் பாடலில் எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் பாடியிருக்கிறார். யவனர் கலங்கள் பொன்னோடு வந்து மிளகோடு மீள்வதை அவர் துறைமுகத்திலிருந்து பார்க்கிறார். வியன்னா பப்பைரசை எழுதிய கணக்கரோ அதே வணிகத்தை அலெக்சாந்திரியாவின் கிடங்கிலிருந்து பார்க்கிறார். பாட்டையும் கணக்கையும் அவற்றின் மொழியிலேயே படிக்கக்கூடியவர்கள் உலகில் மிகச் சிலர். அந்தச் சிலரில் தமிழ் மாணவர்கள் இல்லாதது எனக்குப் பெரும் வேதனை.

இதோடு ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். தமிழ்த் தொடர்பு தேடி மட்டும் கிரேக்க, உரோமானிய வரலாற்றுக்குள் வராதீர்கள். எகிப்தின் செங்கடல் துறைமுகமான பெரெனிகேயில் கிடைத்த தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடும், அங்கே கோயில் வளாகத்தில் இந்தியச் சாடியில் இருந்த ஏறத்தாழ 7.5 கிலோ மிளகும் நமக்குப் பூரிப்புத் தருகின்றன, தரட்டும். ஆனால் பிரிட்டனின் விண்டோலண்டா கோட்டையில் கிடைத்த மரச்சீவல் கடிதத்தில், கி.பி. 100ஐ ஒட்டி, கிளாடியா செவெரா என்ற பெண் தன் பிறந்தநாளுக்குத் தோழியை வருந்தி அழைக்கிறாள். எழுத்தர் எழுதிய கடிதத்தின் அடியில் தன் கைப்படச் சில வரி சேர்க்கிறாள். அதில் தமிழ்நாடு இல்லை. அதைப் படித்துக் கண் கலங்காதவர் வரலாறு படிக்க வந்ததன் பயன் என்ன? அமெரிக்கரும் ஜெர்மானியரும் சங்க இலக்கியத்தைக் கற்பதில் நாம் மகிழ்கிறோம். அந்த உரிமையோடு நாமும் ஹெரோடோட்டசிடம் போகலாம்.

மொழியை எங்கே கற்பது என்று கேட்பீர்கள். மதுரையிலும் சென்னையிலும் உள்ள இறையியல் கல்லூரிகளில் புதிய ஏற்பாட்டுக் கிரேக்கம் கற்பிக்கிறார்கள். முசிறி பப்பைரஸ் எழுதப்பட்டதும் அந்தப் பொதுவழக்குக் கிரேக்கத்தில்தான். நம் வரலாற்றுத் துறைகள் அந்த வாசலைத் தட்டுவதே இல்லை. நான் தட்டினேன். ஓய்வுபெற்ற பாதிரியார் ஒருவர், கட்டணம் ஏதும் வாங்காமல், வாரம் இரண்டு மாலை சொல்லிக் கொடுத்தார். முதலில் கற்பித்த வினைச்சொல் 'லூஓ'. அவிழ்க்கிறேன் என்று பொருள். ஓராண்டில் நற்செய்தி நூலும், இரண்டாம் ஆண்டில் எளிய பப்பைரஸ் கடிதங்களும் படிக்க வந்தன. அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. உங்களுக்கு இருபத்திரண்டுதான்.

நெறியாளர்களிடம் ஒரு வேண்டுகோள். சேர்ந்த மாதத்திலேயே மாணவரிடம் தலைப்பைக் கேட்காதீர்கள். முதல் ஆண்டை மொழிக்கு விடுங்கள். ஒரு நூலையாவது, ஒரு கல்வெட்டையாவது அவர் மூலத்தில் படித்து முடிக்கட்டும். கேள்வி அங்கிருந்து பிறக்கும். பல்கலைக்கழகங்களிடமும் ஒன்று கேட்கிறேன். வெ. சாமிநாத சர்மா பிளேட்டோவையும் கிரேக்க வரலாற்றையும் தமிழருக்குத் தந்து பல தலைமுறைகள் ஆகிவிட்டன. வீரமாமுனிவர் குறளின் இரண்டு பால்களை இலத்தீனில் பெயர்த்து ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள். கிரேக்கத்திலிருந்து நேரே தமிழுக்குப் பெயர்க்கப்பட்ட துசிடிடீஸ் நமக்கு வேண்டும். அதற்கு ஒரு பணியிடமாவது உருவாக்குங்கள்.

இன்று மாலை அமர்வுகள் முடிந்த பிறகும் நான் இதே அரங்கில் இருப்பேன். கிரேக்க எழுத்துகள் 24. விருப்பமுள்ளவர்கள் ஒரு நோட்டும் பேனாவும் கொண்டு வாருங்கள். நாளை மதிய உணவுக்குள் எழுத்துக்கூட்டிப் படித்துவிடலாம்.