வானில் ஓர் அணிவகுப்பு



போர் விமானங்கள் கூட்டமாகச் சேர்ந்து வானில் காட்டும் வித்தைக்குத் தமிழில் 'விமான சாகசம்' என்று பெயர் வைத்திருக்கிறோம். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இச்சொல் சிறிது உறுத்தலாகவே இருந்து வந்திருக்கிறது. சாகசம் என்பது துணிந்து செய்யும் செயல். பின்விளைவை எண்ணாத துணிச்சல் என்ற சாயையும் அதற்கு உண்டு. பல தேசங்களின் அணிகளை அருகருகே நிறுத்தி ஒப்பிட்டால், அங்கே துணிச்சலைக் காட்டிலும் அடக்கமே மிகுதி என்பது புலப்படும்.

முதலில் விமானங்களை நோக்குவோம். அமெரிக்காவில் இரண்டு புகழ்பெற்ற அணிகள் உள்ளன. கடற்படையின் 'புளூ ஏஞ்சல்ஸ்' 1946-ஆம் ஆண்டிலும், விமானப்படையின் 'தண்டர்பேர்ட்ஸ்' 1953-ஆம் ஆண்டிலும் தோன்றின. இரண்டும் காட்சிகளில் ஆறு விமானங்களைப் பறக்கவிடுகின்றன. இரண்டும் போர்முனைக்குரிய விமானங்களையே பயன்படுத்துகின்றன. ரஷ்யாவும் சீனாவும் இவ்வழியே செல்கின்றன. ஐரோப்பாவின் வழக்கம் வேறு. பிரிட்டனின் 'ரெட் ஆரோஸ்' ஒன்பது விமானங்களையும், பிரான்சின் 'பத்ரூய் த பிரான்ஸ்' எட்டு விமானங்களையும், இத்தாலியின் 'பிரெச்சே திரிகொலோரி' பத்து விமானங்களையும் கொண்டவை. இவை யாவும் மாணவ விமானிகளுக்குக் கற்பிக்கும் பயிற்சி விமானங்களே.

சிக்கனம் மட்டுமே இதற்குக் காரணமன்று. ஒரே அளவு விசையில் திரும்பும்போது, விமானத்தின் வேகம் இரு மடங்கானால் அது சுற்றும் வட்டத்தின் ஆரம் நான்கு மடங்காகும். ஆகவே, வேகம் குறைந்த பயிற்சி விமானம் சிறு வட்டத்தில் வளைந்து, பார்ப்பவர் கண்ணை விட்டு அகலாமலே கோலமிடுகிறது. போர் விமானமோ பேரொலியோடு தொலைவிற்குச் சென்று மீள்கிறது. முன்னது நடனத்தை ஒத்தது. பின்னது வலிமையின் காட்சி. எது சிறந்தது என்று கேட்பதைவிட, எந்த நாடு எதைக் காட்ட விரும்புகிறது என்று கேட்பதே பொருத்தம்.

ஒரு நாட்டுக்குள்ளேயே வழக்கங்கள் மாறுபடுவதும் உண்டு. விமானம் கடுமையாக வளையும்போது விமானியின் தலையிலுள்ள இரத்தம் கீழ்நோக்கி இறங்கும், பார்வை மங்கும், நினைவும் தவறலாம். இதைத் தடுக்கக் கால்களையும் வயிற்றையும் காற்றால் இறுக்கும் ஒருவகை உடையைப் போர் விமானிகள் அணிவர். தண்டர்பேர்ட்ஸ் விமானிகளும் அணிகின்றனர். புளூ ஏஞ்சல்ஸ் விமானிகள் அணிவதில்லை. அவர்கள் விமானத்தை இயக்கும் கையைத் தொடைமீது ஊன்றியிருப்பார்கள். உடை திடீரென உப்பினால் கை அசையும். அடுத்த விமானம் சில சமயம் 18 அங்குல இடைவெளியில் பறக்கையில், அந்தச் சிறு அசைவையும் பொறுக்க இயலாது. எனவே தசைகளை இறுக்கியும் மூச்சை அடக்கியுமே அவர்கள் தாக்குப்பிடிக்கின்றனர். இத்தகைய பயிற்சிக்குச் சாகசம் என்ற பெயர் போதுமா?

நம் நாட்டின் கதைக்கு வருவோம். இந்திய விமானப்படை தனது பொன்விழா ஆண்டாகிய 1982-இல் 'தண்டர்போல்ட்ஸ்' என்ற அணியை ஹண்டர் விமானங்களைக் கொண்டு அமைத்தது. 1996-இல் கர்நாடகத்தின் பீதரில் 'சூரிய கிரண்' பிறந்தது. நம் நாட்டிலேயே வடிவமைத்து உருவாக்கிய கிரண் பயிற்சி விமானத்தில் அது பறந்தது. 2011-இல் மாணவர்களுக்கே பயிற்சி விமானங்கள் போதாமையால் அணி நிறுத்தி வைக்கப்பட்டது. காட்சியா, கல்வியா என்ற கேள்வி எழுந்தபோது கல்விக்கு முதலிடம் கிடைத்தது. பின்னர் 2015-இல் ஹாக் விமானங்களோடு அணி மீண்டும் எழுந்தது. ரெட் ஆரோஸ் அணி பறப்பதும் ஹாக் இனத்து விமானத்திலேதான். 'சாரங்' என்னும் ஹெலிகாப்டர் அணியும் நமக்கு உண்டு. சாரங் என்றால் மயில். அந்த மயிலின் கூடு நம் கோவை மாவட்டத்துச் சூலூரில் இருக்கிறது. ஹெலிகாப்டர்களைக் கொண்டு முழுநேர அணி நடத்தும் நாடுகள் உலகில் மிகச் சிலவே.

இனி, இக்கலை கேட்கும் விலையையும் சொல்லாமல் விடுவது முறையன்று. அணியில் பறப்பவர் தரையைப் பார்ப்பதில்லை. பக்கத்து விமானத்தில் குறித்துக்கொண்ட ஒரு புள்ளியையே பார்த்துக்கொண்டிருப்பார். தரையைப் பார்க்கும் பொறுப்பு தலைவருடையது. 1982 ஜனவரி 18 அன்று அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில் தண்டர்பேர்ட்ஸ் விமானங்கள் நான்கு ஒன்றாக வளைந்து இறங்கிப் பயிற்சி செய்தன. தலைவரின் விமானத்தை இயக்கும் பொறியில் கோளாறு நேர்ந்ததென்று விசாரணை கூறியது. அவர் மேலெழ இயலவில்லை. மற்ற மூவரும் வரிசை குலையாமல் அவரோடு தரையில் மோதி மாண்டனர். 1988 ஆகஸ்டு 28 அன்று மேற்கு ஜெர்மனியின் ராம்ஸ்டைன் தளத்தில் இத்தாலிய அணியின் மூன்று விமானங்கள் மோதின. அவற்றுள் ஒன்று கூட்டத்தில் விழுந்தது. விமானிகள் மூவர் உட்பட 70 பேர் இறந்தனர். அதன்பின் பல நாடுகள் விதிகளைக் கடுமையாக்கின. பார்வையாளரை நோக்கிப் பறக்கும் வித்தைகள் விலக்கப்பட்டன. 2019 பிப்ரவரியில் பெங்களூர் எலகங்காவில் ஒத்திகையின்போது சூரிய கிரண் விமானங்கள் இரண்டு மோதி, விங் கமாண்டர் சாஹில் காந்தி உயிர் துறந்தார்.

தரையிலும் ஒழுங்கு வேண்டும் என்பதை நம் சென்னை கற்றுத் தந்தது. 2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் நடந்த காட்சியில் வானத்தில் யாதொரு பிழையும் நேரவில்லை. ஆயினும் கடும் வெயிலில் நெடுநேரம் நின்ற பெருங்கூட்டத்தில் ஐவர் உயிரிழந்தனர். மேலே அங்குலக் கணக்கில் காட்டும் கவனத்தில் ஒரு பங்கு கீழே தண்ணீருக்கும் நிழலுக்கும் வழிக்கும் செலவிடப்பட வேண்டும்.

இத்தனை பொருளும் உயிரும் செலவிடத் தகுமா என்று கேட்போர் உண்டு. அழிப்பதற்கென்றே செய்த கருவி, சில நிமிடங்களேனும் யாரையும் அழிக்காமல் அழகைப் படைக்கிறது. 1964-இல் டோக்கியோ ஒலிம்பிக் தொடக்க நாளில் ஜப்பானின் 'புளூ இம்பல்ஸ்' அணி வானில் ஐந்து வளையங்களை வரைந்தது. போரில் எரிந்து மீண்ட ஒரு நகரின் மீது போர் விமானங்களே நட்பின் சின்னத்தை எழுதின. அதன் மதிப்பைக் கணக்கேட்டில் குறிக்க இயலாது. ஆனால் அந்த மதிப்பு, விதியை மீறாத வரையில்தான் நிலைக்கும்.

டில்லியிலோ பெங்களூரிலோ வேறெங்கோ வாழும் நம்மவர், இத்தகைய அணி தலைக்கு மேல் செல்லும்போது வண்ணப் புகையோடு விமானங்களுக்கு இடையே உள்ள வெளியையும் சிறிது கவனியுங்கள். அந்த வெளி மாறாமல் இருப்பதில்தான் பல்லாண்டுப் பயிற்சியும், ஒருவர்மீது ஒருவர் வைத்த நம்பிக்கையும் அடங்கியிருக்கின்றன. சாகசம் என்ற சொல் வழக்கில் நிலைத்துவிட்டது. அதை மாற்ற நம்மால் இயலாது. கேட்கும்போதெல்லாம் அதற்குள் அடக்கம் என்ற பொருளையும் சேர்த்துக் கொள்வோம்.