இசைத்தட்டும் நாடகக் கொட்டகையும்

(குற்றாலத்தில் நடைபெற்ற குடும்பக் கூடலில் ஆற்றிய உரை)

 

கழுகுமலையில் தீர்த்தங்கரர் திருவுருவங்களை வணங்கிவிட்டு நேற்று மாலை இங்கு வந்து சேர்ந்தோம். "குற்றாலத்திற்கு வந்தும் அருவியை விட்டுப் பாட்டைப் பற்றியா பேசப்போகிறீர்?" என்று நண்பர் ஒருவர் வினவினார். இவ்வூரில் பாட்டைப் பற்றிப் பேசுவது புதிதன்று. ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் வாழ்ந்து, 1954-இல் மறைந்த ஊர் இது. பாடுவோர்க்குப் பட்டங்கள் பலவுண்டு. கேட்டுச் சுவைத்தமைக்காகவே பட்டம் பெற்றவர் அவர். நம் சிந்தாமணியில் சீவகனும் காந்தருவதத்தையின் அவையில் முதலிற் செய்தது பாடுவதன்று. தன்முன் கொணர்ந்த யாழ்களை ஆராய்ந்து, நீரில் நின்று நைந்த மரம் என்றும் இடி வீழ்ந்த மரம் என்றும் குற்றங்காட்டி விலக்கினான்.

நான் சொல்ல வந்தது என் பாட்டனாரைப் பற்றி. வந்தவாசிப் பக்கத்திலிருந்து வந்து, தென்காசி ரயில் நிலையத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். அவருடைய செவிச்செல்வம் முழுவதும் ஒருவரிடம் அடங்கியிருந்தது. அவர் எஸ். ஜி. கிட்டப்பா. 1906-இல் செங்கோட்டையில் பிறந்தவர். செங்கோட்டை இங்கிருந்து சில கல் தொலைவே. எனினும் அன்று அது திருவிதாங்கூரைச் சேர்ந்தது. 1956-இல்தான் நம் மாநிலத்தோடு இணைந்தது.

பக்கத்து வீட்டு ஜவுளி வணிகரிடம் கிராமபோன் இருந்தது. கிட்டப்பாவின் 'எவரனி' தட்டைப் பாட்டனார் எத்தனை முறை கேட்டார் என்பதற்குக் கணக்கில்லை. நிமிடத்திற்கு 78 சுற்றுச் சுழலும் அத்தட்டுகளில் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்றரை நிமிடமே ஓடும். அந்த மூன்றரை நிமிடத்தில் பாடகர் எங்கே மூச்சு வாங்குகிறார் என்பதுவரை அவருக்கு மனப்பாடம்.

1931-ஆம் ஆண்டு மழைக்காலம். சாதுர்மாச விரதமாக, நான்கு மாதமும் கூத்து, நாடகம் எவற்றையும் நாடுவதில்லை என்று பாட்டனார் உறுதி பூண்டிருந்தார். அவ்வேளையில்தான் கிட்டப்பாவின் குழு இப்பகுதிக்கு வந்தது. கிட்டப்பாவின் குரல் ஒலிபெருக்கியின்றியே கொட்டகையின் கடைசி வரிசைவரை எட்டுவது. "உள்ளே போனால்தானே விரதபங்கம்? தெருவில் நில்லும், ஓய், காசும் மிச்சம்" என்றாராம் வணிகர். பாட்டனார் இணங்கவில்லை. காலை உள்ளே வைக்காமல் காதை மட்டும் உள்ளே அனுப்புவது தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்வதாகும் என்று கூறி, அன்றிரவு வீட்டுச் சாளரத்தையும் அடைத்துக்கொண்டார். பாட்டியார்க்கு இதில் உடன்பாடில்லை. "பாட்டு யாரை இம்சிக்கிறது?" என்று கேட்டாராம். நியாயமான கேள்விதான், பாட்டனார் விடை கூறாமல் படுத்துக்கொண்டார்.

மறு ஆண்டு கோடையில் அந்த வாய்ப்பு மீண்டும் வந்தது. நாடகம் 'வள்ளி திருமணம்'. உடன் நடித்தவர் கே. பி. சுந்தராம்பாள். அக்கால நாடகம் இரவு பத்து மணியளவில் தொடங்கி விடியும்வரை நடக்கும். பாட்டனார் பொழுது சாயுமுன் உண்டு, நீரும் அருந்தி, தரை டிக்கெட் வாங்கி அமர்ந்தார். முறுக்கும் சோடாவும் சுற்றிவர, நாவறண்டு காத்திருந்தார்.

திரைக்கு அப்பாலிருந்து முதலில் வந்தது குரல்தான். ஆள் பின்னரே தோன்றினார். பாட்டனார் திடுக்கிட்டார். தட்டில் கேட்ட குரலுக்கு அவர் மனத்தில் வரைந்து வைத்திருந்த உருவம் முதிர்ந்தது. மேடையில் நின்றவரோ தம்மினும் இளையவர். அடுத்த அதிர்ச்சி 'எவரனி' பாடியபோது. தட்டில் மூச்சு வாங்கிய இடத்தில் அவர் வாங்கவில்லை. பல்லவியையே சுற்றிச் சுற்றி வந்தார். ஆர்மோனியம் பின்னே ஓடிற்று. "தவறாகப் பாடுகிறாரோ என்று முதலில் எண்ணினேன்" என்பார் பாட்டனார். மக்கள் "ஒன்ஸ்மோர்" என்று ஆரவாரித்தனர். மறுமுறை பாடியபோது முதன்முறை பாடியதுபோலும் இல்லை. அப்போதுதான், தாம் இத்தனை நாள் போற்றி வைத்திருந்தது ஒரு பகற்பொழுதில் பாடிய ஒரு பாட்டு மட்டுமே என்பது அவருக்கு விளங்கிற்று. விடியற்காலை கொட்டகையிலிருந்து நேரே நிலையத்திற்குச் சென்று, திருநெல்வேலி வண்டிக்குரிய வேலையைப் பார்த்தார்.

1933 டிசம்பர் 2-ஆம் நாள் கிட்டப்பா காலமானார். வயது 27. பாட்டனார் அவரை நேரில் கேட்டது அந்த ஓரிரவு மட்டுமே. விரத நாளில் அடைத்த சாளரத்திற்காக அவர் வருந்தியதுண்டா என்று சிறுவனாயிருந்தபோது நான் கேட்டிருக்கிறேன். "இழப்புதான், இழப்பே இல்லையென்றால் அதற்கு விரதம் என்று ஏன் பெயர்?" என்றார். வருத்தம் இல்லை என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

கணவரை இழந்த சுந்தராம்பாள் வெள்ளாடை பூண்டு வாழ்ந்ததை நீங்கள் அறிவீர்கள். அவர் நடித்த 'ஔவையார்' 1953 ஆகஸ்டில் வெளிவந்தது. பாட்டியார் புறப்பட ஆயத்தமானார். அது சாதுர்மாச காலம். "படம் ஓடிக்கொண்டுதான் இருக்கும்; கார்த்திகையில் பார்க்கலாம்" என்றார் பாட்டனார். பாட்டியார் காத்திருக்கவில்லை, எங்கள் அத்தையை அழைத்துக்கொண்டு அன்றே போய்வந்தார்.