ஜீப்பைத் தூக்கினால் போதுமா? ஸ்டியரிங்கைக் கவனித்தீர்களா?



வழக்கமாக விதை, உரம், பூச்சி மருந்து என்று பேசுகிறவன் நான். இன்று உங்கள் வாசலில் நிற்கிற ஜீப்பைப் பற்றிப் பேசப் போகிறேன். "விவசாய ஆபீசருக்கும் ஜீப்புக்கும் என்ன சார் சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். சம்பந்தம் நிறைய இருக்கிறது. கொல்லிமலையில் விளைகிற மிளகும் அன்னாசியும், தாண்டிக்குடிப் பக்கத்து வாழையும் காப்பியும் மலையை விட்டு இறங்கினால்தானே காசாகும்? போடி, கம்பம் பகுதியிலிருந்து ஏலத்தோட்டத்துக்குப் போகிற ஆட்கள் ஜீப்பில்தானே ஏறுகிறார்கள்? அந்த ஜீப்பின் ஸ்டியரிங் சரியில்லை என்றால், சரக்கும் போகும், ஆளும் போகும்.

தோட்டத்துப் பாதையில் கல் நீட்டிக்கொண்டிருக்கிறது, மழைக்காலத்தில் தடம் பள்ளமாகி நடுவில் மேடு நிற்கிறது, அடியில் கிரவுன் ஹவுசிங் இடிக்கிறது. இதற்காகப் பலர் வண்டியைத் தூக்கிக் கட்டுகிறார்கள். ஸ்பிரிங்கில் பட்டை கூட்டுகிறார்கள், ஷேக்கிளை நீட்டுகிறார்கள், ஆக்சிலுக்குக் கீழே இருக்கிற ஸ்பிரிங்கை மேலே ஏற்றிக் கட்டுகிறார்கள், பெரிய டயர் போடுகிறார்கள். கல் இடிப்பது நிற்கிறது. ஆனால் அதுவரை இல்லாத வேறு தொல்லை ஆரம்பிக்கிறது.

மலையூர்க் கூட்டம் ஒன்றில் ஒரு பெரியவர் கேட்டார்: "தம்பி, வண்டி மேட்டுல நல்லா ஏறுது. தார் ரோட்டுக்கு வந்தா குடிகாரன் மாதிரி அலையுது. குழியில விழுந்தா ஸ்டியரிங் கையைப் புடுங்கிக்கிட்டுப் போவுது. பவர் ஸ்டியரிங் போட்டா சரியாயிடுமா?" இந்தக் கேள்வி பலருக்கும் இருக்கும். பதிலை ஒழுங்குப்படி சொல்கிறேன்.

தூக்கியதும் என்ன கெடுகிறது?

ஸ்டியரிங் பாக்ஸ் வண்டியின் சேஸில் இருக்கிறது. சக்கரமோ ஆக்சிலில் இருக்கிறது. இரண்டையும் இணைப்பது டிராக் லிங்க் என்ற தண்டு. கம்பெனியில் செய்யும்போது இந்தத் தண்டு ஏறக்குறையப் படுக்கையாக இருக்கும்படி வைத்திருப்பார்கள். வண்டியைத் தூக்கினால் சேஸ் மேலே போகிறது, ஆக்சில் கீழேயே நிற்கிறது. தண்டு சாய்ந்துவிடுகிறது.

சாய்ந்தால் என்ன? ஒரு சின்னக் கணக்கு பார்ப்போம். தண்டின் நீளம் 60 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். அது படுக்கையாக இருக்கும்போது சக்கரம் ஒரு கல்லில் ஏறி 5 செ.மீ. உயர்ந்தால், தண்டின் முனை பக்கவாட்டில் 2 மில்லிமீட்டர்தான் நகரும். குழியில் 5 செ.மீ. இறங்கினாலும் அதே 2 மில்லிமீட்டர்தான். இப்போது வண்டியை 10 செ.மீ. தூக்கியதால் தண்டின் ஒரு முனை மறுமுனையைவிட 10 செ.மீ. கீழே இருக்கிறது. அதே கல்லில் ஏறினால் முனை 6 மில்லிமீட்டர் தள்ளும். அதே குழியில் இறங்கினால் 11 மில்லிமீட்டர் எதிர்ப்பக்கம் இழுக்கும். சக்கரத்தோடு சேர்ந்த ஸ்டியரிங் ஆர்ம் 15 செ.மீ. நீளமாக இருந்தால், அந்த 11 மில்லிமீட்டர் சக்கரத்தைச் சுமார் 4 டிகிரி திருப்பிவிடும். நீங்கள் ஸ்டியரிங்கை அசைக்காமல் பிடித்திருந்தாலும் குழி உங்கள் வண்டியைத் திருப்புகிறது என்று அர்த்தம். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம் என்கிற பாதையில் இது விளையாட்டல்ல.

இரண்டாவது கேடு, சக்கரத்தின் சாய்மானம். இதைப் பட்டறையில் காஸ்டர் என்பார்கள். சைக்கிளின் முன் போர்க்கைப் பாருங்கள், நேர் செங்குத்தாக இருக்காது. அதன் மேல்பக்கம் ஓட்டுகிறவரை நோக்கிச் சாய்ந்திருக்கும். அதனால்தான் கையை லேசாக விட்டாலும் சைக்கிள் நேராகப் போகிறது. ஜீப்பின் கிங் பின்னுக்கும் இதே சாய்மானம் உண்டு. பழைய வில்லிஸ் ரக ஜீப்புகளுக்கு அது 3 டிகிரி அளவில் இருக்கும். ஷேக்கிளை மட்டும் நீட்டினால் ஆக்சில் உருண்டு இந்தச் சாய்மானம் குறைந்துபோகும். அப்புறம் வளைவில் திருப்பிய ஸ்டியரிங் தானாகத் திரும்பி வராது. நேர் ரோட்டில் வண்டி அலையும். பெரியவர் சொன்ன 'குடிகார நடை' இதுதான்.

மூன்றாவது, பெரிய டயர். டயர் கனமாகவும் அகலமாகவும் இருந்தால் அதைத் திருப்ப அதிக பலம் வேண்டும். அந்தப் பலம் முழுவதும் டை ராடு எண்டுகள், ஸ்டியரிங் பாக்ஸ், அந்தப் பாக்ஸைச் சேஸில் பிடித்திருக்கிற போல்ட்டுகள் ஆகியவற்றின் தலையில் விழுகிறது. பாக்ஸ் உட்காரும் இடத்தில் சேஸ் வெடிப்பு விடுவது இதனால்தான்.

செலவில்லாமல் வீட்டிலேயே பார்க்கலாம்

பட்டறைக்குப் போகுமுன் நீங்களே ஐந்து சோதனை செய்யலாம். துணைக்கு ஒரு ஆள் போதும்.

ஒன்று: வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, ஒருவர் உட்கார்ந்து ஸ்டியரிங்கை இடமும் வலமும் சின்னதாக ஆட்டட்டும். மற்றவர் முன்னால் குனிந்து ஒவ்வொரு மூட்டாகப் பார்க்கட்டும். ஒரு தண்டு அசைந்து அடுத்தது அசையாமல் நின்றால் அந்த மூட்டில் ஆட்டம் இருக்கிறது. பாக்ஸே சேஸில் அசைகிறதா என்றும் பாருங்கள். நடுவில் பெல்கிராங்க் உள்ள பழைய ஜீப் என்றால் அதன் முளையையும் புஷ்ஷையும் மறவாதீர்கள்.

இரண்டு: முன்சக்கரத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி, ஆக்சிலுக்கு அடியில் உறுதியான கட்டை கொடுங்கள். சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரிகிறதா? கிங் பின் அல்லது வீல் பேரிங்கைப் பார்க்க வேண்டும். இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டும்போது மட்டும் தெரிகிறதா? டை ராடு எண்டைப் பார்க்க வேண்டும்.

மூன்று: சக்கரத்தை நேராக வைத்து, முன் பம்பர் மேல் ஒருவர் ஏறி அமுக்கி அமுக்கி விடட்டும். ஸ்டியரிங் வீல் தானாக இடமும் வலமும் சுற்றுகிறதா? சுற்றினால் டிராக் லிங்க் அளவுக்கு மீறிச் சாய்ந்திருக்கிறது.

நான்கு: ஆள் நடமாட்டமில்லாத திடலில் மெதுவாக ஓட்டித் திருப்பி, கையைத் தளர்த்துங்கள். ஸ்டியரிங் திரும்பி வராவிட்டால் காஸ்டர் குறைந்திருக்கலாம், அல்லது கிங் பின் இறுகியிருக்கலாம்.

ஐந்து: இரண்டு முன்டயர்களின் நடுவிலும் சாக்பீஸால் கோடு போட்டு, ஆக்சில் உயரத்தில் முன்பக்க இடைவெளியை அளவு நாடாவால் அளந்துகொள்ளுங்கள். வண்டியை மெல்ல முன்னே தள்ளி, அதே கோடுகள் பின்பக்கம் வந்ததும் மறுபடி அளந்து பாருங்கள். முன்பக்கம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் குறைவாக இருப்பது சாதாரணம். சரியான அளவு உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும். வித்தியாசம் அதிகமாக இருந்தால் டயர் வெகு சீக்கிரம் தேயும்.

எதை முதலில் செய்வது?

நிலத்தைச் சமன் செய்யாமல் உரம் போட்டால் தண்ணீர் போகிற பக்கமே உரமும் போகும். ஸ்டியரிங்கும் அப்படித்தான், வரிசை மாறக்கூடாது.

முதல் வேலை, தேய்ந்த மூட்டுகளை மாற்றுவது. எண்டு, புஷ், பேரிங் எல்லாம் புதிதாக, நல்லதாக இருக்கட்டும். நட்டுக்குக் காட்டர் பின் போடாமல் விடவே கூடாது. பத்து ரூபாய்ப் பின்னில் பத்து உயிர் இருக்கிறது.

இரண்டாவது வேலை, தண்டைப் படுக்கைக்குக் கொண்டுவருவது. கீழே வளைந்த பிட்மேன் ஆர்ம் போட்டு மேல்முனையைத் தாழ்த்தலாம். இல்லாவிட்டால் சக்கரப் பக்கத்து ஸ்டியரிங் ஆர்மை உயர்ந்ததாக மாற்றிக் கீழ்முனையை ஏற்றலாம். பிட்மேன் ஆர்ம் ரொம்பக் கீழே தொங்கினால் பாக்ஸின் தண்டைத் திருகும், ஆகவே அளவோடு செய்ய வேண்டும். எதுவானாலும் தயாராக வார்த்து அடித்த பாகத்தை வாங்குங்கள். இருக்கிற ஆர்மைச் சூடுகாட்டி வளைப்பதும், வெட்டி வெல்டு வைப்பதும் கூடவே கூடாது. சூடுபட்ட இரும்பின் பதம் போய்விடும். அது எந்த வளைவில் ஒடியும் என்று எந்த மெக்கானிக்காலும் சொல்ல முடியாது.

மூன்றாவது வேலை, காஸ்டரைச் சரிக்கட்டுவது. ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் ஆப்பு போன்ற இரும்புத் தகடு வைத்து இதைச் செய்வார்கள். தகட்டைத் திருப்பி வைத்துவிட்டால் இருப்பதும் கெடும். ஆகவே அளந்து பார்த்தே மாட்டச் சொல்லுங்கள். நடு போல்ட் அந்தத் தகட்டின் துளை வழியாகப் போக வேண்டும். ஆக்சில் உருளும்போது முன் புரொப்பெல்லர் ஷாப்டின் கோணமும் மாறும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள். யு-போல்ட்டுகளை நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி முடுக்க வேண்டும்.

இத்தனையும் முடிந்த பிறகுதான் பவர் ஸ்டியரிங். பழைய ஜீப்பில் வேறு வண்டியின் பவர் பாக்ஸும் பம்பும் பொருத்தும் பட்டறைகள் இருக்கின்றன. கை வலி குறையும், கொண்டை ஊசி வளைவில் சுலபமாகத் திரும்பலாம் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் பவர் ஸ்டியரிங் ஆட்டத்தைப் போக்காது, மறைக்கும். பல் வலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு சொத்தைப் பல்லை விட்டுவைப்பது போல. போதாக்குறைக்கு, எண்ணெயின் அழுத்தம் தேய்ந்த மூட்டின் மேல் இன்னும் அதிக பலத்தைப் போடும்.

பொருத்தினால் பாக்ஸ் உட்காரும் இடத்தில் சேஸுக்குக் கனத்த தகடு கொடுத்துப் பலப்படுத்துங்கள். எண்ணெய்க் குழாய் சைலன்சர் பக்கம் போகக்கூடாது. ஸ்டியரிங்கைக் கடைசிவரை திருப்பிச் சில விநாடிகளுக்கு மேல் பிடித்து வைக்காதீர்கள், பம்பு சூடேறிக் கெடும். முழுக்கத் திருப்பிய நிலையில் டயர் பிரேக் குழாயை உரசுகிறதா என்றும் பாருங்கள். வண்டியைத் தூக்கியபின் பழைய பிரேக் குழாயின் நீளம் போதாமல் விறைத்து நிற்பதும் உண்டு.

"சக்கரம் உதறுகிறது, டேம்பர் போட்டுவிட்டோம்" என்பார்கள் சிலர். டேம்பர் நல்ல பொருள்தான். ஆனால் உதறலுக்குக் காரணம் மூட்டிலோ பேரிங்கிலோ காஸ்டரிலோ டயர் சமநிலையிலோ இருக்கும். அதைச் சரிசெய்யாமல் டேம்பர் போட்டால், கொஞ்ச நாளில் டேம்பரும் போகும், உதறலும் வரும்.

டீசல் மிச்சமா, உயிர் மிச்சமா?

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இறக்கத்தில் இன்ஜினை அணைத்துவிட்டு வண்டியை உருளவிடும் பழக்கம் நம்மவர்களுக்கு உண்டு. "டீசல் மிச்சம்தானே சார்!" என்கிறார்கள். பவர் ஸ்டியரிங் உள்ள வண்டியில் இன்ஜின் நின்றால் பம்பும் நிற்கும். அந்த நொடியே ஸ்டியரிங் கல்லாகக் கனக்கும். பிரேக்குக்கு உதவும் பூஸ்டரும் ஒன்றிரண்டு மிதிக்கு மேல் தாங்காது. சாவியை முழுக்கத் திருப்பினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும் வண்டிகளும் இருக்கின்றன. கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒரே ஒரு வளைவு தவறினால் போதும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள், இன்ஜின் ஓடட்டும்.

இன்னும் ஒரு கணக்கு. வண்டியின் எடை மையம் தரையிலிருந்து 65 செ.மீ., இரண்டு சக்கரங்களின் இடைவெளியில் பாதி 62 செ.மீ. என்று வையுங்கள். கணக்குப்படி சுமார் 44 டிகிரிக்கு மேல் பக்கவாட்டில் சாய்ந்தால் கவிழும். எடை மையம் 10 செ.மீ. உயர்ந்தால் அது சுமார் 40 டிகிரியாகக் குறைகிறது. கூரைமேல் வாழைத்தாரும் ஆட்களும் ஏறினால் இன்னும் குறையும். ஸ்பிரிங்கும் டயரும் அமுங்குவதால் நிஜத்தில் அதற்கும் முன்பே கவிழும். எவ்வளவு நல்ல ஸ்டியரிங் போட்டாலும் இந்தக் கணக்கு மாறாது. ஆகவே தேவைக்கு மேல் ஒரு விரல்கூடத் தூக்காதீர்கள். பாதையில் நீட்டிய நாலு கல்லைக் கடப்பாரையால் பெயர்த்துவிட்டால் வண்டியைத் தூக்க வேண்டிய தேவையே பலருக்கு இராது!

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52-ஆம் பிரிவின்படி, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரம் கம்பெனி தந்த விவரத்துக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தித் தீர்ப்புச் சொன்னது. எனவே வேலையை ஆரம்பிக்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டு, அனுமதி உள்ளதை மட்டும் செய்யுங்கள். தேய்ந்த பாகத்துக்குப் பதில் அதே ரகப் புதுப் பாகம் போட எந்தத் தடையும் இல்லை. விபத்து நடந்தபின் "வண்டியை மாற்றியிருக்கிறீர்கள்" என்று இன்சூரன்ஸ்காரர் கைவிரித்தால், ஒரு வருஷத்து மகசூலும் போதாது.

சுருக்கமாகச் சொல்கிறேன், மனதில் வையுங்கள். முதலில் மூட்டு, பிறகு தண்டின் கோணம், அதற்குப் பிறகு காஸ்டர், கடைசியாகப் பவர். மழைக்காலம் தொடங்குமுன் ஒருமுறையும் அறுவடை தொடங்குமுன் ஒருமுறையும் அந்த ஐந்து சோதனைகளைச் செய்துவிடுங்கள். அரைமணி நேர வேலை.

உங்கள் ஜீப்பில் ஏறுகிற கூலியாள், கிழங்கு மூட்டை மேல் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போகிற பிள்ளை, எல்லாரும் உங்களை நம்பித்தான் ஏறுகிறார்கள். அந்த நம்பிக்கை ஒரு டை ராடு எண்டில் தொங்குகிறது. போய்க் குனிந்து பாருங்கள்.