பிள்ளைகள் எழுத, தொல்காப்பியம்
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



அம்பத்தூரில் தமிழ் வாத்தியாராக இருக்கிறேன். 'எங்கள் ஊர்' என்று கட்டுரை கொடுத்தால், எல்லா நோட்டிலும் ஆறு சலசலவென்று ஓடும், குயில் கூவும். 1964-இல் தொழிற்பேட்டை வந்த ஊர் சார் இது! ஒரு நோட்டிலாவது லேத் பட்டறை கிடையாது. மதிப்பெண் நோட்ஸ் குயிலுக்குத்தானே! பெற்றோரும் "மனப்பாடம் பண்ண வைங்க சார்" என்கிறார்கள்.

நான் பிடித்துக்கொண்டது தொல்காப்பியத்தை. முதல், கரு, உரி என்று பரீட்சைக்குப் படித்திருப்பீர்கள். முதற்பொருள் நிலமும் பொழுதும். கருப்பொருள் அங்குள்ள உணவு, மரம், புள், பறை, தொழில் முதலியவை. உரிப்பொருள் மனசில் நடப்பது. அந்த வரிசையிலேயே எழுதச் சொல்கிறேன். எந்த இடம், எத்தனை மணி? அங்கே கண்ணில் பட்டது, காதில் விழுந்தது, மூக்கில் ஏறியது என்னென்ன? 'அழகு', 'இனிமை', 'சோகம்' மூன்றுக்கும் தடை. உணர்ச்சி கடைசியில், அதுவும் தேவைப்பட்டால்தான்.

ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுதினான்: "ராத்திரி பத்தரை மணி. அப்பா ஷிப்ட் முடிஞ்சு வந்தார். சட்டையில கிரீஸ் வாசனை. டிபன் டப்பாவுல பாதி சோறு அப்படியே இருந்தது. அம்மா ஒண்ணும் கேக்கல."

வாசித்து முடித்ததும் வகுப்பில் சத்தமே இல்லை.

"'சட்டையில' என்று எழுதியிருக்கிறானே, திருத்த வேண்டாமா?" என்றார் சக ஆசிரியர் ஒருவர். நியாயமான கேள்வி. இரண்டாம் படியில் திருத்துகிறேன். முதல் படியிலேயே சிவப்பு மையை ஊற்றினால், அடுத்த வாரம் அவன் திறப்பது நோட்ஸைத்தான்.