நடுவில் விடுபட்ட அதிகாரங்கள்



சோதனைக் காலமும் கிறிஸ்தவ வாழ்வும் என்று தலைப்புச் சொல்லித் தலைமை தாங்க அழைத்தார்கள். நாகர்கோவிலில் நின்றுகொண்டு இதைப் பேசுகிறவர் நட்டாலத்து நீலகண்ட பிள்ளையை, மறைசாட்சி தேவசகாயத்தைத் தாண்டிப் போக முடியாது.

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். திருவிதாங்கூர் அரசில் அலுவல் பார்த்தவர். மாடு கன்றும் விளைச்சலும் அழிந்து மனம் ஒடிந்திருந்தவருக்கு டி லனாய் யோபுவின் வரலாற்றைச் சொன்னார் என்பது மரபு. சொன்னவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். டச்சுக் கம்பெனிப் படையோடு வந்து, 1741இல் குளச்சலில் தோற்றுப் பிடிபட்டு, பிடித்த மன்னருக்கே படை பயிற்றிக்கொண்டிருந்தவர். இழப்பைப் பற்றிப் பேச அவருக்குத் தகுதி இருந்தது. 1745இல் வடக்கன்குளத்தில் நீலகண்டர் திருமுழுக்குப் பெற்றார்.

நம் பிரசங்க மேடைக்கு இதற்குப் பிறகுதான் சிக்கல். எல்லாம் இழந்த யோபுவுக்குக் கடைசியில் 7,000 ஆடு 14,000 ஆயிற்று. 3,000 ஒட்டகம் 6,000 ஆயிற்று. சாட்சிக் கூட்டங்களில் நாம் கைதட்டுவது இந்தக் கணக்குக்குத்தான். தேவசகாயத்துக்கு எதுவும் இரட்டிக்கவில்லை. 1749இல் சிறை. எருக்கம்பூ மாலை போட்டு, எருமை மேல் ஏற்றி, ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள் என்கிறது மரபு. 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். அவர்மேல் சுமத்தப்பட்ட குற்றம் எது என்பதில் வரலாற்றாளர்கள் ஒருமனப்படவில்லை; அந்த வழக்கை நாளைய அமர்வுக்கு விட்டுவிடுகிறேன். என் கேள்வி வேறு. யோபுவின் கதையைக் கேட்டு வந்தவருக்கு யோபுவின் முடிவு கிடைக்கவில்லை. அப்படியானால் அந்தக் கதையில் அவர் எதைப் பிடித்துக்கொண்டார்?

யோபு நூலில் 42 அதிகாரங்கள். தொடக்கமும் முடிவும் உரைநடை. நடுப்பகுதி ஏறத்தாழ முழுவதும் செய்யுள். நாம் பிரசங்கிப்பது இரு ஓரங்களை. நடுவில் இருக்கிற யோபு பொறுமைசாலி இல்லை. பிறந்த நாளைச் சபிக்கிறார், கடவுளையே வழக்குக்கு இழுக்கிறார். ஏழு நாள் வாய் திறக்காமல் உடன் உட்கார்ந்திருந்த நண்பர்கள், பேசத் தொடங்கியதும் கெடுத்துவிட்டார்கள்: பாவம் செய்திருப்பாய், அதனால்தான் இது. இன்றைக்கும் ஆஸ்பத்திரிக் கட்டில் அருகே ஜெபிக்க வருகிறவர்களில் சிலர் இதையே கொஞ்சம் மென்மையாகச் சொல்கிறார்கள். கடைசியில் கடவுள் கோபித்தது, தம் பக்கம் நின்று வாதாடிய இந்த நண்பர்கள் மேல்தான். சரியாகப் பேசியவன் யோபு என்று தீர்ப்பு வருகிறது.

ஏன் இந்தத் துன்பம் என்பதற்கோ பெருங்காற்றிலிருந்து வந்த கடவுளின் பேச்சில் பதிலே இல்லை. வரையாடு ஈனும் காலம், காட்டுக் கழுதை, தீக்கோழி, போர்க்குதிரை, பருந்து என்று உலகம் விரிகிறது. அதுவரை காதால் மட்டும் கேட்டிருந்தவரை இப்போது கண்டேன் என்று யோபு அடங்குகிறார். ஆடுகள் திரும்பி வந்தது அதற்கு அப்புறம். கண்டபோது அவர் இன்னும் சாம்பலில்தான் இருந்தார். பிள்ளைகள் இரட்டிக்கவில்லை என்பதையும் கவனியுங்கள்: முன்பும் பத்து, பின்பும் பத்து. இறந்த பத்துப் பேருக்கு நூல் ஈடு எதுவும் சொல்லவில்லை.

தேவசகாயத்துக்கு வேண்டியது அந்தச் சாம்பல் மேட்டிலேயே கிடைத்துவிட்டது என்பது என் வாசிப்பு. சிறையில் கழிந்த ஆண்டுகளை வேறு எப்படியும் என்னால் விளங்கிக்கொள்ள முடியவில்லை. மறுப்பவர்கள் இந்த அவையிலேயே இருப்பீர்கள், மறுத்துப் பேசுங்கள்.

கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன். கட்டுரையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: யோபு நூலில் எலிகூ என்பவர் யாரும் கேட்காமலே ஆறு அதிகாரம் பேசினார், ஒருவரும் பதில் சொல்லவில்லை. உங்களுக்கு இருபது நிமிடம். முதல் கட்டுரையாளர் மேடைக்கு வரலாம்.