யோர்தான் கரையில் ஓர் உழவர்



நவம்பர், இறந்தோரை நினைந்து செபிக்கும் மாதம். இம்மாதம் 11ஆம் நாள் புனித மார்ட்டினின் திருநாளையும் கொண்டாடுகிறோம். குதிரைப்படை வீரராக இருந்தபோது, குளிரில் நடுங்கிய ஏழைக்குத் தம் மேலாடையை வாளால் வெட்டிப் பாதியைக் கொடுத்தவர் அவர். 1918ஆம் ஆண்டு, முதல் உலகப் போர் ஐரோப்பாவில் ஓய்ந்ததும் அதே நவம்பர் 11 அன்றுதான். அந்தப் போரில் உயிர்விட்ட நம் நாட்டுக் குதிரை வீரர் ஒருவரை இன்று நினைத்துப் பார்ப்போம்.

அவர் பெயர் பத்லு சிங். இன்றைய ஹரியானாவில், ஜஜ்ஜர் மாவட்டத்திலுள்ள தாக்லா அவருடைய ஊர். நிலத்தை உழுது வாழும் ஜாட் சமூகத்தைச் சேர்ந்தவர். அவர் காலத்துக் குதிரைப்படையில் பெரும்பாலும் சில்லேதார் என்றொரு முறை இருந்தது. படையில் சேருகிறவர் குதிரைக்கும் சேணத்துக்கும் உரிய பணத்தைத் தாமே கட்ட வேண்டும். அரசு துப்பாக்கியும் தோட்டாவும் கொடுக்கும். ஓர் உழவர் வீட்டுக்கு அது எவ்வளவு பெரிய சுமை! படகும் என்ஜினும் வாங்கக் கடன்பட்ட குடும்பங்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. அந்தக் குதிரை ஒரு குடும்பத்தின் சேமிப்பு.

பத்லு சிங் 14ஆம் முர்ரே ஜாட் லான்சர்ஸ் படைப்பிரிவில் சேர்ந்து, ரிசைதார் என்ற அதிகாரி நிலைக்கு உயர்ந்தார். போரின்போது 29ஆம் லான்சர்ஸ் படையோடு இணைக்கப்பட்டுப் பாலஸ்தீனம் சென்றார். அப்போது அவருக்கு நாற்பது வயது கடந்திருந்தது.

1918 செப்டம்பர் 23, காலை. யோர்தான் ஆற்றின் மேற்குக் கரையில், சமரியே என்ற சிற்றூருக்கு அருகே, எதிரிகளின் வலுவான அரணை நோக்கி அவருடைய குதிரைப் பிரிவு பாய்ந்தது. எல்லாருடைய பார்வையும் முன்னால் இருந்தது. குண்டுகளோ இடப்பக்கத்துச் சிறு குன்றிலிருந்து வந்தன. அங்கே இயந்திரத் துப்பாக்கிகளும் 200 காலாட்படையினரும் இருந்தார்கள். பக்கத்தில் வந்த தோழர்கள் விழுந்துகொண்டிருந்தார்கள். பத்லு சிங் அதைக் கண்டார். ஆறு பேரை மட்டும் சேர்த்துக்கொண்டு குன்றை நோக்கிக் குதிரையைத் திருப்பினார். உச்சியில் ஓர் இயந்திரத் துப்பாக்கியைத் தனியாளாகக் கைப்பற்றும்போது படுகாயமடைந்தார். அவர் கண் மூடுவதற்குள் குன்றில் இருந்தவர்கள் அனைவரும் சரணடைந்துவிட்டார்கள். அவருடைய பிரிவு பேரிழப்பிலிருந்து தப்பியது. இறந்த பின் அவருக்கு விக்டோரியா கிராஸ் விருது அளிக்கப்பட்டது. 37 நாள் கழித்துத் துருக்கியோடு போர் நிறுத்தம் கையெழுத்தானது. இன்னும் 37 நாள் இருந்திருந்தால் அவர் தம் வயலுக்குத் திரும்பியிருக்கலாம்.

அன்பார்ந்தவர்களே, நாம் போரைப் புகழவில்லை. திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்ட், 1917 ஆகஸ்ட் 1 அன்று போரிடும் நாடுகளுக்கு எழுதிய மடலில், இது பயனற்ற படுகொலை என்று கண்டித்தார். ஏறத்தாழ 74,000 இந்திய வீரர்கள் அப்போரில் மடிந்தார்கள். அந்த நிலமும் பகையும் அவர்களுடையவை அல்ல. அந்தக் குன்றின் மேல் இருந்தவர்களுக்கும் தாய் உண்டு, பிள்ளைகள் உண்டு. இதை மறந்துவிட்டு ஒரு வீரரை வாழ்த்துவது கிறிஸ்தவ வாழ்த்து ஆகாது.

ஆனால் யோர்தான் கரை நமக்கு வேறொன்றையும் நினைவூட்டுகிறது. லூக்கா நற்செய்தி 3ஆம் அதிகாரத்தில், திருமுழுக்கு யோவானிடம் படைவீரர்களும் வந்து, தாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார்கள். யோவான் அவர்களை விரட்டவில்லை. எளியவரை மிரட்டிப் பறிக்காதீர்கள், கிடைக்கும் ஊதியத்தில் நிறைவு காணுங்கள் என்கிறார். இருக்கும் இடத்திலேயே மனிதராக இருக்க வழி காட்டுகிறார். தோழர்களுக்காக உயிரைக் கொடுப்பதைவிட மேலான அன்பு இல்லை என்று ஆண்டவர் போதித்ததை, அவர் பெயரை அறிக்கையிடாத ஓர் உழவர் அதே ஆற்றங்கரையில் செய்துகாட்டினார். அயலான் யார் என்ற கேள்விக்கு ஆண்டவர் சமாரியர் ஒருவரையே எடுத்துக்காட்டாக நிறுத்தினார் அல்லவா?

நம் ஊரூர் ஒல்காட் குப்பத்திலிருந்து சற்றுத் தெற்கே நடந்தால் எலியட்ஸ் கடற்கரையில் வெள்ளை நினைவுச் சின்னம் ஒன்று நிற்கிறது. 1930 டிசம்பர் 30 அன்று, கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய் மூழ்கிப்போன ஷ்மிட் என்ற டென்மார்க் நாட்டவருக்காக எழுப்பியது அது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னைத் தெருக்களுக்குள் படகைக் கொண்டுபோய் மக்களை மீட்டவர்கள் கடலோரக் குப்பங்களின் மீனவர்கள். அந்தப் படகும் ஒரு குடும்பத்தின் சேமிப்புதான்.

பேரிடர் நாளில் நமக்கு அன்பு வந்துவிடுகிறது. சாதாரண நாளில்தான் பக்கத்தில் பார்க்க மறக்கிறோம். நம் பிள்ளை, நம் கடன், நம் வீடு என்று முன்னால் மட்டும் பார்த்து ஓடுகிறோம். அடுத்த வீட்டில் குடியால் ஒருவர் விழுந்துகொண்டிருக்கிறார். படிப்பை நிறுத்திவிட்ட பையன் ஒருவன் கரையில் சும்மா உட்கார்ந்திருக்கிறான். கணவரைக் கடலுக்குக் கொடுத்த ஒரு தாய் வட்டிக்காரருக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொள்கிறார். இவைதாம் நம் இடப்பக்கத்துக் குன்றுகள்.

பிடித்த மீனைப் பிரிக்கும்போது பங்கு என்கிறோம். நாம் கூடி வழிபடும் இந்தக் குடும்பத்தையும் பங்கு என்றே அழைக்கிறோம். யாருக்காவது பங்கு கிடைக்காமல் போனால் நாம் பங்கு மக்கள் ஆவது எப்படி? இந்த வாரம் ஒரே ஒரு வீட்டுக் கதவையாவது தட்டுவோம். ஆறு பேர் கூட வந்தால் போதும்.

செபிப்போம். அன்புத் தந்தையே, போர்க்களங்களில் இறந்த எல்லா நாட்டவரையும், கடல் கொண்டுபோன எங்கள் உறவுகளையும் உம் ஒளியில் ஏற்றுக்கொள்ளும். அருகில் விழுபவரைக் காணும் கண்களையும், அவரை நோக்கித் திரும்பும் துணிவையும் எங்களுக்குத் தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.