டிராலியில் குழந்தையை எப்போது உட்கார வைக்கலாம்?

(நம் சங்கத்தின் காலாண்டுக் குடும்பக் கூட்டத்தில், பி பிளாக்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பராமரிப்புக் கட்டணம், தண்ணீர் லாரி, லிஃப்ட் ஆகிய மூன்றையும் தவிர வேறு எதைப் பற்றியும் பேசலாம் என்று செயலாளர் சொன்னார். அதனால் என் பேரனைப் பற்றிப் பேசுகிறேன். பெருமை பேச வரவில்லை. நான் செய்த ஒரு தவறைச் சொல்ல வந்திருக்கிறேன்.

மகள் வயிற்றுப் பேரனுக்கு அப்போது ஏழு மாதம். செங்குன்றத்தைத் தாண்டி ஒரு பெரிய கடைக்கு மாதச் சாமான் வாங்கப் போனோம். மகளும் என் மனைவியும் துணிப் பகுதிக்குப் போய்விட்டார்கள். குழந்தை என் பொறுப்பு. டிராலியின் கைப்பிடி அருகே மடக்கு இருக்கை இருக்கிறதே, அதில் இரண்டு காலையும் நுழைத்து உட்கார வைத்தேன். பெல்ட் இருந்தது, கொக்கி இல்லை. 'ஐந்து நிமிடம்தானே' என்று விட்டுவிட்டேன்.

இரண்டு எண்ணெய் பாக்கெட்டுகளில் லிட்டருக்கு எது லாபம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். வங்கிக்காரன் புத்தி. அலமாரியில் மினுமினுத்த ஒரு பாக்கெட்டுக்காகப் பையன் பக்கவாட்டில் சாய்ந்தான். சாய்ந்தவனுக்குத் திரும்பி நிமிரத் தெரியவில்லை. அலமாரியில் சாமான் அடுக்கிக்கொண்டிருந்த ஒரு பெண் பாய்ந்து வந்து அவன் சட்டையையும் அரைஞாண் கயிற்றையும் சேர்த்துப் பிடித்தாள். கீழே டைல்ஸ் தரை. குழந்தையை என் கையில் கொடுத்து, "பார்த்துக்கோங்க தாத்தா" என்று மட்டும் சொன்னாள். கவுண்டரில் ஒரு ரூபாய் குறையாமல் கணக்கு ஒப்படைத்தவன் நான். அன்று எண்ணெயில் மிச்சம் பிடித்தது மூன்று ரூபாய்.

மகளிடம் இரண்டு நாள் சொல்லவில்லை. மனைவியிடம் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. "ஏங்க, அவன் தலையணை இல்லாம உட்கார ஆரம்பிச்சே ஒரு வாரம்தானே ஆகுது? இதுல வைக்கலாமான்னு யாரைக் கேட்டீங்க?" என்றாள். யாரையும் கேட்கவில்லை. அதன் பிறகுதான் கேட்டேன், படித்தேன். அதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

நம் வீட்டுப் பெரியவர்கள் குழந்தையை மாதத்தை வைத்து மட்டும் அளக்கவில்லை. கழுத்து நின்றதா, குப்புற விழுந்ததா, தவழ்ந்ததா என்று கேட்பார்கள். பிள்ளைத்தமிழிலும் ஐந்தாம் மாதம் செங்கீரை, ஒன்பதாம் மாதம் சப்பாணி என்று பருவம் பிரித்திருக்கிறார்கள். செங்கீரை என்பது கையை ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடுவது. சப்பாணி என்பது உட்கார்ந்து இரண்டு கையையும் சேர்த்துக் கொட்டுவது. இரண்டு கையையும் தரையிலிருந்து எடுத்துக் கொட்ட வேண்டுமென்றால், முதுகு தானாக நிற்க வேண்டும். டிராலிக்கு வேண்டியதும் அதுதான்.

உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2006-ல் ஓர் அளவுகோல் வெளியிட்டது. பிடிப்பு இல்லாமல் உட்காருவது 3.8 மாதத்திலிருந்து 9.2 மாதத்துக்குள் வருகிறது என்கிறது அது. இடைவெளியைப் பாருங்கள், ஐந்து மாதத்துக்கு மேல். ஆகவே 'பக்கத்து வீட்டுக் குழந்தை ஆறு மாதத்திலேயே உட்கார்ந்தது' என்பது நம் குழந்தைக்குக் கணக்காகாது.

ஒன்பதாம் மாதத் தடுப்பூசிக்குப் போனபோது குழந்தை மருத்துவரிடம் கேட்டேன். அவர் சொன்னது எளிமையாக இருந்தது. பாயில் உட்கார வையுங்கள். இரண்டு கையிலும் பொம்மை கொடுங்கள். பக்கவாட்டில் ஒரு பொருளைக் காட்டுங்கள். குழந்தை திரும்பி, சாய்ந்து, விழப்போகும்போது கையை ஊன்றித் தானே நிமிர வேண்டும். கொஞ்ச நேரத்தில் கூன் விழுந்து சரியாமல், கடையில் ஆகும் நேரம் வரை அப்படி இருக்க வேண்டும். அப்போதுதான் டிராலி இருக்கை. தலை மட்டும் நின்றால் போதாது. துண்டைச் சுருட்டி முட்டுக் கொடுத்தும் உட்கார வைக்கக் கூடாது. காரில் வைக்கும் குழந்தை இருக்கையையோ, கூடைத் தொட்டிலையோ டிராலியின் மேல் தூக்கி வைக்கவே கூடாது. மேல் பாரம் கூடி, வண்டியே கவிழும்.

விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் கணக்கு இருக்கிறது. 1990 முதல் 2011 வரை 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் ஏறத்தாழ 5,30,000 பேர் டிராலிக் காயத்துக்காக அவசர சிகிச்சைக்குப் போயிருக்கிறார்கள். ஆண்டுக்குச் சராசரியாக 24,000. பத்தில் ஏழு, டிராலியிலிருந்து விழுந்தவை. முக்கால் பங்குக்கு மேல் அடி தலையில். 2004-ல் அங்கே டிராலிக்குப் பாதுகாப்புத் தரம் வகுத்தார்கள். அதன் பிறகும் காயம் குறையவில்லை. காரணம் புரியாததல்ல. சிறு குழந்தைக்கு உடம்பில் தலைதான் கனம். இருக்கையோ பெரியவர்கள் இடுப்பு உயரம். விழுந்தால் தலை முதலில் போகும்.

இந்த வண்டி பிறந்தது 1937-ல், ஓக்லஹோமா நகரில். சில்வன் கோல்ட்மேன் என்ற கடை முதலாளி, ஜனங்கள் கூடை கனத்ததும் வாங்குவதை நிறுத்துகிறார்களே என்று யோசித்துச் செய்தார். வாடிக்கையாளர்கள் முதலில் தொடவில்லையாம். ஆட்களைக் கூலிக்கு அமர்த்திக் கடைக்குள் தள்ள வைத்துத்தான் பழக்கினார் என்பார்கள். ஆக, அது சாமானுக்காக வந்த வண்டி. குழந்தைக்கான மடக்கு இருக்கை பிறகு சேர்ந்தது. நம் காலத்தில் மளிகைக்கடையில் சீட்டைக் கொடுத்தால் பொட்டலம் கட்டித் தருவார்கள். குழந்தை இடுப்பில் இருந்தது.

இப்போது செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

தானாக உட்காராத குழந்தைக்கு டிராலி வேண்டாம். இடுப்பிலோ, நெஞ்சோடு கட்டும் துணியிலோ இருக்கட்டும். உட்காரும் குழந்தைக்கும் பெல்ட் கொக்கி மாட்டினால்தான் இருக்கை. கொக்கி உடைந்திருந்தால் வேறு டிராலி கேளுங்கள். எத்தனை கிலோ வரை என்று ஒட்டியிருந்தால் படியுங்கள். சாமான் போடும் பெரிய கூடைக்குள் குழந்தையை நிற்க வைக்காதீர்கள், பக்கவாட்டில் தொங்க விடாதீர்கள். அண்ணன், அக்கா தள்ளும் வண்டியில் தம்பி உட்காரக் கூடாது. கைப்பிடியைத் துடைத்துவிடுங்கள், குழந்தை முதலில் அதைத்தான் சப்பும். எல்லாவற்றுக்கும் மேல், ஒரு கை குழந்தை மேல் இருக்கட்டும். விலை பார்ப்பவர் ஒருவர், குழந்தை பார்ப்பவர் ஒருவர்.

கடைக்குப் போகும் வழியையும் சொல்லியாக வேண்டும். பொன்னேரிக்கும் கவரைப்பேட்டைக்கும் பைக்கில் பெட்ரோல் டேங்க் மேல் குழந்தையை வைத்துப் போகிறவர்கள் நம்மில் உண்டு. 2022 பிப்ரவரியில் மத்திய அரசு வெளியிட்ட விதிப்படி, பைக்கில் வரும் நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தையை ஓட்டுபவரோடு பெல்ட் போட்டு இணைக்க வேண்டும். ஒன்பது மாதம் முதல் ஹெல்மெட் வேண்டும். வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது.

ஒருவேளை குழந்தை விழுந்துவிட்டால், அழுகை நின்றதே என்று விடாதீர்கள். கைக்குழந்தை தலை அடிபட விழுந்தால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினால் எழாத தூக்கம், வலிப்பு, நினைவு தப்புதல், காதிலோ மூக்கிலோ ரத்தம் அல்லது நீர் என்றால் காத்திருக்கவே கூடாது. 108-ஐக் கூப்பிடுங்கள்.

கடைசியாக நம் வீட்டு விஷயம். கார் நிறுத்தும் இடத்தில் லிஃப்ட் அருகே சங்கம் வாங்கி வைத்த சாமான் டிராலி இருக்கிறது. அதில் பெல்ட்டும் இல்லை, இருக்கையும் இல்லை. சாயங்காலம் பிள்ளைகள் அதில் ஒருவரை ஏற்றிச் சரிவுப் பாதையில் விடுகிறார்கள். நானே மூன்று முறை பார்த்தேன். இரண்டு முறை சிரித்துக்கொண்டே போய்விட்டேன். இனிமேல் அதைச் சங்கிலி போட்டுப் பூட்டி, சாவியைக் காவலாளியிடம் வைக்கலாம் என்பது என் யோசனை. சாமான் இறக்க நமக்கு இரண்டு நிமிடம் கூட ஆகும், அவ்வளவுதான். செயலாளர் இதை அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பேரன் இப்போது நடக்கிறான். டிராலியில் உட்கார மறுக்கிறான், தானே தள்ள வேண்டுமாம். அது வேறு பிரச்சினை, அடுத்த முறை பேசுகிறேன். சுண்டல் ஆறுவதற்குள் முடித்துக்கொள்கிறேன்.